கூப்பிடு தூரம்

தட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுதான். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று நாலு கூறாக வண்ணம் அடித்தது. கயிற்றை விட்டுக்கொண்டே சுகிர்தா படகின் நிழல் விழும் பக்கமாகக் குனிந்து பார்த்தாள். வெள்ளை முதலில் மஞ்சளாகும், பிறகு பச்சையாகும், பிறகு இருக்கிறது என்று நம்பினால்தான் தெரியும், பிறகு இல்லை. இல்லாமல் போன இடத்தில் கயிற்றின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெல்ல மேலே இழுக்க வேண்டும். மறுபடி தெரிகிற இடத்தில் இன்னொரு விரல். தட்டிலிருந்து இரண்டு விரலுக்கும் நடுப்புள்ளி வரை உள்ள கயிற்றின் நீளம்தான் இன்றைக்கு மாவிலங்கை ஏரியின் தெளிவு. இருபது வருஷத்துக்கு மேலாக மாதம் ஒருமுறை இதே தட்டை இதே இடங்களில் யாராவது ஒருவர் இப்படி இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு பேராசிரியர் வரதன், அவர் ஓய்வு பெற்ற பிறகு அவள். ரூத்துக்குப் பிடித்த விளையாட்டும் இதுதான். துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு காணோம் காணோம் அம்மாவைக் காணோம் என்றால் அந்த ஒன்பது மாதக் குழந்தையின் முகம் ஒரு நொடி அப்படியே வெளிறிப்போகும், நிஜமாகவே அம்மா இல்லாமல் போய்விட்டாள் என்று. இதோ என்று துப்பட்டாவை எடுத்ததும் முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும். சிரிப்புக்கு முந்தைய அந்த ஒரு நொடியைத்தான் சுகிர்தாவால் தாங்க முடிவதில்லை, ஆனாலும் தினமும் துப்பட்டாவைப் போட்டுக்கொள்கிறாள், ஏனென்றால் குழந்தை கேட்கிறது. தட்டு போய்விட்டது. போன மாதத்தைவிடச் சீக்கிரம். போன மாதமே அதற்கு முந்தைய மாதத்தைவிடச் சீக்கிரம். "என்னம்மா, மாட்டுச்சா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அறவாழி, ஏதோ தூண்டில் போட வந்தவர்கள் மாதிரி.

அறவாழி சென்னையிலிருந்து வந்திருந்தார், இந்தத் திட்டத்துக்கு நிதி கொடுக்கும் துறையிலிருந்து. நேரில் பார்த்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது, நீட்டிப்பதா அல்லது இத்தோடு மூடிவிடுவதா என்பது அவர் எழுதப்போகும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரை வியாதிக்குப் பயந்து டீயைக்கூட வேண்டாம் என்ற, கரையில் நின்றபோது எல்லாருக்கும் வணக்கம் சொன்ன மனிதர். ஏறும்போதே படகோட்டி துரைக்கண்ணு கேட்டுவிட்டான், "சார், நீச்சல் வருமா?" "வராதேப்பா." "அப்போ இந்த லைஃப் ஜாக்கெட்ட நீங்க போட்டுக்கங்க. இருக்கிறதே ஒண்ணுதான்." "அப்போ மேடத்துக்கு?" "மேடம் எங்கெங்க எவ்ளோ ஆழம்னு மாசாமாசம் அளந்து வெச்சிருக்காங்க சார். முழுகினாலும் அளவாத்தான் முழுகுவாங்க." அறவாழி வயிறு குலுங்கச் சிரித்தார், படகும் கூடவே குலுங்கியது. சிரித்து முடித்துச் சட்டைக் கையை மடித்து, வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டு, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டார். விட்டவர் இன்னும் எடுக்கவில்லை. படகு போகப் போக அவருடைய நாலு விரலும் ஏரியின் மேல் நாலு கோடு போட்டுக்கொண்டு வந்தன. "சில்லுனு இருக்கும்மா. சென்னையில இதெல்லாம் எங்க." கையை எடுங்க சார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் என்ன சொல்வது? சும்மாதான் என்று சொல்ல முடியாது, படித்தவள், மேடம் என்று கூப்பிடுகிறார்கள். அவள் கயிற்றைச் சுருட்டினாள். தோள்பட்டை வலித்தது. ராத்திரி முழுக்க ரூத் இடது கையின் மேல்தான் தூங்கினாள். எடுத்தால் விழித்துக்கொள்வாள் என்று எடுக்கவில்லை. விடியும்போது கை தன்னுடையதாகவே இல்லை.

ஜீப் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. கிழக்கே நீண்டு கிடந்த கரையின் மேல், புளியமரத்தடியில், ஒரு தீப்பெட்டி மாதிரி. அதற்குள் ரூத் இருக்கிறாள், எஸ்தர் மடியில்; தனி வண்டியில் வந்த அறவாழிக்கு அது தெரியாது. எஸ்தர் நாத்தனார், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவள். நேற்று சாயங்காலம்தான் போன் வந்தது, நாளைக்குக் காலையில் சார் வருகிறார் என்று. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. பால் குடிக்கிற குழந்தை, அரை நாள் தாங்காது. ஆகவே எஸ்தர், ரூத், ஒரு பை நிறையத் துணி, ஒரு பெரிய பாட்டில் கேன் தண்ணீர், எல்லாம் ஜீப்பில் ஏறி வந்தன. இறங்காதே என்று சொன்னாள். சொன்னாளா? சொன்னாள். ஜீப்பைவிட்டு இறங்காதே எஸ்தர், என்று கதவுப் பக்கம் நின்று சொன்னது நினைவிருக்கிறது, துப்பட்டா கதவில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் பக்கம் போகாதே என்று சொன்னாளா? அதை நினைத்தாள். நினைத்ததும் சொன்னதும் இப்போதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. தூக்கம் இல்லாத மாதங்களில் இப்படித்தான் ஆகிவிட்டது, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போனால் அணைத்துத்தான் இருக்கும், அணைத்தோம் என்று தைரியமாக இருந்த நாளில் பால் பொங்கிக் கருகியிருக்கும். தண்ணீர் பக்கம் போகாதே. உதடு அசைந்ததா? எஸ்தர், ஏன் அண்ணி, என்று கேட்டாள். ஆமாம், கேட்டாள், அது நிச்சயம். அதற்குச் சுகிர்தா சொன்ன பதில்கூட நினைவுக்கு வருகிறது. வெயில், என்றாள். வெயில் ஆகாது பாப்பாவுக்கு. அப்படியானால் இறங்காதே என்பதற்குத்தான் அந்தக் கேள்வி, தண்ணீருக்கு இல்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்லவே இல்லையோ.

"இங்க ஏன்மா பல்லு விழுந்தாப்ல இருக்கு?" அறவாழி இடது கையால் மடியில் இருந்த அறிக்கையைப் புரட்டி, வரைபடம் இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். இருபது வருஷத்துக் கோடு, ஏறி இறங்கி, மழைக்கு ஏறி கோடைக்கு இறங்கி, கிட்டத்தட்டக் கடைசியில் ஓர் இடத்தில் அறுந்து, ஒரு வெள்ளை இடைவெளிக்கு அப்புறம் மறுபடி தொடங்கியது. அவள் அந்த இடைவெளியையே பார்த்தாள். அதன் பெயர் ரூத். "அது… அந்த மூணு மாசம் நான் வரல சார். டெலிவரி." "அடடே. என்ன குழந்தை?" "பொண்ணு." "மகாலட்சுமி," என்றார் சந்தோஷமாக. பிறகு, "உங்களுக்குப் பதிலா யாரையாவது போட்டிருக்கலாமே?" போட்டிருக்க முடியாது என்பது அவருடைய துறையின் விதியிலேயே இருக்கிறது, அவள் வேலையை விட்டால்தான் அந்த இடம் காலி, காலி என்றால்தான் ஆள், ஆள் போட்டுவிட்டால் அவள் திரும்பி வர இடம் இல்லை. பிரசவ விடுப்பு என்று ஒன்று திட்டத்துப் பணியாளர்களுக்கு இல்லை. பணியில் முறிவு என்று போட்டுக்கொள்ளலாம். அவளுடைய பணியில் முறிவும் ஏரியின் கோட்டில் முறிவும் ஒன்றே. இதை எல்லாம் எப்படிச் சொல்வது, அவர் முகத்துக்கு நேரே, ஜாக்கெட் வேறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "முடியல சார்," என்றாள். நேற்று ராத்திரி பேராசிரியர் போனில் சொன்னார், "அந்த எடத்த ஒரு புள்ளிக்கோடு போட்டு இணைச்சுடும்மா. மேல இருக்கிறவங்க கோட்டைப் பாப்பாங்க, புள்ளிய பாக்க மாட்டாங்க." இணைக்கத்தான் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் ரூத் அழுதாள், தூக்கிப் பால் கொடுத்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். நேர்மை என்று பேராசிரியர் நினைத்துக்கொள்வார். வெறும் களைப்பு.

"தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றார் அறவாழி. தண்ணீரில் விரல்கள் மெல்ல விரிந்து மெல்லக் கூடின. "மேல என்ன கேப்பாங்கன்னு சொல்றேன், நான் கேக்கல. மூணு மாசம் நீங்க எடுக்கல. ஏரி எங்கயும் போயிடலையே? இருந்த எடத்துலதானே இருக்கு? அப்போ மாசாமாசம் எதுக்கும்பாங்க. வருஷத்துக்கு ஒருதரம் எடுத்தா ஆகாதாம்பாங்க." துரைக்கண்ணு துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார் சொல்றதும் சரிதான். ஏரி எங்க ஓடிடும், காலா இருக்கு," என்று சிரித்தான். அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை, அன்பாகத்தான் பேசினார், "இன்னொண்ணும்மா. எங்ககிட்ட காசு ஆராய்ச்சிக்குத்தான். ஆராய்ச்சின்னா புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கணும். இது ஒரே எடம், ஒரே தட்டு, ஒரே பாட்டில். இது கண்காணிப்பு. கண்காணிப்புன்னா குடிதண்ணி பாக்குறவங்க செய்யணும்." "அவங்க இத ஆராய்ச்சிங்கிறாங்க சார்." "சொல்வாங்க, சொல்வாங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டார், எல்லாம் தெரிந்தவராக. "அப்போ எனக்கு ஒரே ஒரு வரி குடுங்க. இத்தன வருஷத்துல இந்த ஏரியில என்ன ஆச்சு? ஒரே வரி." ஒன்றும் ஆகவில்லை சார், அதுதான் வரி. இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் மாதம் தவறாமல் கண்டுபிடித்தோம். ஆகிற அன்றைக்கு அது தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் ஆகிவிட்டது சார். "யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஆகிவிட்டதா? அதுவும் தெரியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம் படித்தாள். பிரசவம் முடிந்து, தையல் முழுக்க ஆறாமல், முதல் முறையாகப் படகில் ஏறி எடுத்து வந்த பாட்டிலை நுண்ணோக்கியில் வைத்தபோது அது இருந்தது. பாகில் மிதக்கும் கசகசா மாதிரி, சின்னச் சின்ன உருண்டையான கூட்டங்களாக, நீலப்பச்சைப் பாசி. பிரசவத்துக்கு முந்தின மாதம் அதே கண்ணாடியில் பார்த்தபோது இல்லை. அழகாகக்கூட இருந்தது. அடுத்த மாதம் அதிகம், அதற்கடுத்த மாதம் இன்னும். அந்தப் பாசியில் விஷம் சுரக்கிற வகையும் உண்டு, சுரக்காத வகையும் உண்டு. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வெளியே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். அனுப்ப எடுத்து வைத்த நேரத்தில் திட்டத்தின் காலம் முடிந்தது, சோதனைக்குக் காசு இல்லை. பாட்டில் குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. பேராசிரியரிடம் சொன்னாள். அவர் நீளமாக மூச்சு விட்டு, "சோதன முடிவு இல்லாம வாயத் தொறக்காத. பேப்பர்காரன் காதுல விழுந்தா ஊரே பத்திக்கும், நாளைக்கு விஷம் இல்லன்னு ஆச்சுன்னா உன்ன மட்டும் இல்ல, திட்டத்தையே மூடிடுவான்," என்றார். ஆகவே மாத அறிக்கையில், பாசியினங்களின் அளவில் மாற்றம் காணப்படுகிறது, தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டும், என்று எழுதினாள். அதை யாரும் படிக்கவில்லை; படித்திருந்தாலும் என்ன புரிந்திருக்கும், மாற்றம் எதில்தான் காணப்படவில்லை. ஊர் முழுக்க இந்தத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. அவளுக்குத் தெரிந்த ஒன்று ஊருக்குத் தெரியாது: அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. ஊரே கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறது, குழந்தைகளுக்கு. நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன், என்று சொல்லும்போது அந்தத் தாய்மார்களின் முகத்தில் எவ்வளவு நிம்மதி. அவள் மட்டும் கேன் வாங்குகிறாள். கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் நின்றுகொண்டு, "என்ன சுகிர்தா, ஏரி மேடமே கேன் தண்ணி வாங்குறீங்க, எங்களுக்கெல்லாம் கொழா தண்ணியே போதுமா?" என்று கேட்டபோது, "பாப்பாவுக்குச் சளிங்க்கா," என்று சொன்னாள். அந்த அம்மாவுக்கு இரண்டு பேரக் குழந்தைகள். சளிக்கும் கேனுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அம்மா கேட்கவில்லை; கேட்காமல் பார்த்தாள். கேன் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறதோ, அதுவும் யாருக்குத் தெரியும். அந்த மூன்று மாதமும் அவளே குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தாள், பிள்ளை பெற்றவள் நிறையக் குடிக்க வேண்டும் என்று அம்மா டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள், அதுதான் பாலாகி… வேண்டாம். அதற்கு மேல் நினைக்கக்கூடாது. அந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவாள், நிறுத்தின இடத்திலிருந்து அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

லைஃப் ஜாக்கெட் இல்லாத நெஞ்சு கனத்தது. பால் கட்ட ஆரம்பித்துவிட்டது. ரூத்தை நினைத்தாலே சுரக்கிறது, நினைக்காதே என்று சொல்லிக்கொண்டாலும் சுரக்கிறது. துப்பட்டாவை இழுத்து முன்னால் பரப்பிக்கொண்டாள். துரைக்கண்ணு துடுப்பை வேறு பக்கம் மாற்றிப் போட்டான். "கடைசி எடந்தானே மேடம்? டவர் பக்கம்?" ஆமாம் என்று தலையசைத்தாள். டவர் என்பது கிழக்குக் கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் சிமென்ட் தூண் கட்டடம். ஊருக்குத் தண்ணீர் உறிஞ்சுவது அங்கிருந்துதான். ஆடி கழிந்தும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று விட்டுப்போகவில்லை. படகை அது பின்னாலிருந்து தள்ளியது, துடுப்புக்கே வேலை இல்லை. படகைத் தள்ளுகிற காற்று பாசியையும் தள்ளும். நடு ஏரியில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடப்பதை எல்லாம் கூட்டிப் பெருக்கிக் கிழக்குக் கரையில் கொண்டுபோய்க் குவிக்கும். ஜீப் நிற்கிற கரை. படித்துறை இருக்கிற கரை. ஆனால் எஸ்தர் இறங்க மாட்டாள், வெயில் என்று சொல்லியிருக்கிறோமே. சொல்லியிருக்கலாம், எஸ்தர், இந்தத் தண்ணி சரியில்ல, ஆனா யார்கிட்டயும் சொல்லாதே, என்று. எஸ்தர் தங்கமான பெண். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே சொல்லியிருப்பாள், அதுவும் தங்கமான மனசால்தான். வெயில் போதும். வெயில் நல்ல காரணம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவள் படித்த கான்வென்ட்டில் கத்தோலிக்கப் பெண்கள் வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவார்கள். வரும்போது முகம் கழுவினாற்போல் இருக்கும். சுகிர்தா வேறு சபை, அவளுக்கு அந்த வரிசை இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவாள். உள்ளே போய் ஒருவரிடம் சொல்லிவிட்டால் முடிந்தது, அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், உன்னிடமும் மறுபடி கேட்க மாட்டார். அந்த வராந்தாவில் சத்தம் போட்டால் சிஸ்டர் பெனடிக்டா எங்கிருந்தோ வந்து நிற்பார். ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். பன்னிரண்டு வருஷம் உதட்டின் மேல் விரல். நல்ல பெண்கள் கத்திப் பேசுவதில்லை; ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், சிஸ்டர் பார்க்கும்வரை தூக்கியபடியே இருக்க வேண்டும். ஒருநாள் பின் பெஞ்சில் ஒருத்திக்கு வலிப்பு வந்தபோதுகூட சுகிர்தா கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றாள். பிரசவ அறையிலும் கத்தவில்லை. நர்ஸ் அதட்டினாள், "வாயத் தொறந்து கத்துமா, எல்லாரும் கத்துறாங்கல்ல, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கத்தாமலே ரூத் பிறந்தாள். ரூத் கத்தினாள். அப்படி ஒரு கத்தல், அறையே அதிர்ந்தது, அதைக் கேட்டுத்தான் அவளுக்கு முதன்முதலில் அழுகை வந்தது, நம்மிடமிருந்து இப்படி ஒரு சத்தமா வெளியே வந்தது என்று.

டவர் பக்கத்தில் வந்தாயிற்று. பாட்டிலை முக்கி எடுத்து, கொண்டுவந்த அயோடின் கரைசலைச் சொட்டவிட்டாள். தண்ணீர் வெளிர் டீ நிறத்துக்கு மாறியது. "இது எதுக்கு?" என்றார் அறவாழி. "உள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே நின்னுடும் சார். கெடாது." "ஓ. ஊறுகா மாதிரி." "ஆமா சார், ஊறுகா மாதிரி." அவருடைய விரல்களுக்குப் பின்னால் இழுபட்ட நாலு கோடும் இங்கே வேறு மாதிரி இருந்தன. நடு ஏரியில் தண்ணீரில் விழுந்த கோடு உடனே மூடிக்கொண்டது. இங்கே மூட நேரம் எடுத்தது, கோட்டின் இரண்டு பக்கமும் பச்சை. யாரோ டப்பா பெயின்டைக் கழுவிவிட்ட மாதிரி மெல்லிய பச்சை ஏடு. சார் கையை எடுங்க. நாக்கு வரை வந்தது. வந்து நின்றது. அப்போது முதுகில் சுட்டுக்கொண்டிருந்த வெயில் விட்டது. சட்டென்று விட்டது, யாரோ விளக்கை அணைத்த மாதிரி. தண்ணீர் ஈய நிறமாயிற்று. அப்பாடா என்று துரைக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தான். மேலே பார்த்தாள். பெரிய மேகம், மெதுவாகப் போகிற மேகம். நல்லவேளை, பாப்பாவுக்கு வெக்கையாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். அதை நினைத்து முடிப்பதற்குள், நினைப்பின் அடியில் வேறொன்று குளிர்ந்து போயிற்று. வெயில் போய்விட்டது. வெயில்தானே காரணம்.

ஜீப்பின் கதவு திறந்தது. எஸ்தரின் ஆரஞ்சு சுடிதார் இறங்கியது, இடுப்பில் ரூத். கூப்பிடு தூரம்தான், பாப்பாவின் வெள்ளைத் தொப்பிகூடத் தெரிந்தது. எஸ்தர் படகைப் பார்த்துவிட்டாள். பார்த்துச் சிரித்து, படித்துறைப் பக்கமாக வந்தாள். அம்மா பாரு, அம்மா படகுல பாரு, என்று சொல்லியிருப்பாள். சுகிர்தா கையைத் தூக்கினாள். தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினாள். எஸ்தர் ரூத்தின் கையைப் பிடித்துப் பதிலுக்கு ஆட்டினாள், டாட்டா. இரண்டு கையாலும் தள்ளிக் காட்டினாள், போ, மேலே போ. எஸ்தரும் ரூத்தின் இரண்டு கையையும் பிடித்து ஆட்டினாள். "பாப்பா என்ன அழகா டாட்டா காட்டுது," என்றார் அறவாழி. எஸ்தர் ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி. கடைசிப் படியை ஒட்டிப் பச்சை அடர்ந்து கிடந்தது, விரித்த துணி மாதிரி. ரூத்துக்குத் துணி என்றால் உயிர். துணியை இழுத்தால் அதற்குப் பின்னால் அம்மா இருப்பாள். எஸ்தர் குனிந்து குழந்தையைப் படியில் நிறுத்தி, அக்குளில் பிடித்துக்கொண்டாள். ரூத் முன்னால் சாய்ந்தாள். ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். கை இன்னும் தூக்கியபடியே இருந்தது, சிஸ்டர் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, கீழ்வீட்டு அம்மா பார்க்கிறாள், மாற்றம் காணப்படுகிறது தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டும், சோதனை முடிவு இல்லாமல் வாயைத் திறக்காதே, ரூத்தின் கை பச்சைக்குள் போயிற்று.

"எஸ்தர்! தண்ணியத் தொடாதே! தூக்கு! புள்ளையத் தூக்கு! அது விஷம்! விஷம்டீ!"

டவர் மேலிருந்த நீர்க்காகங்கள் மொத்தமாக எழுந்தன. யார் கத்தியது என்று ஒரு நொடி அவளுக்கே தெரியவில்லை. தொண்டை கிழிந்த மாதிரி எரிந்தபோதுதான் தெரிந்தது. காற்று அவள் பக்கம் இருந்தது, சொல் சொல்லாகக் கரைக்குக் கொண்டுபோயிற்று. எஸ்தர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் தடுமாறிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ரூத்தின் கத்தல் அதற்குப் பிறகு வந்தது, தண்ணீரின் மேல். துடுப்பு பாதியில் நின்று சொட்டியது. அவள் திரும்பினாள். அறவாழியின் கை தண்ணீரில் இல்லை. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. முழங்கையை மடக்கி, உடம்பிலிருந்து தள்ளி, விரல்களை விரித்து, அடுத்தவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் பச்சை. பேன்டில் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்திக்கொண்டார். "கரைக்குப் போப்பா," என்றார் மெதுவாக. சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது. வரதன் சாருக்கு என்ன சொல்வது. நாளைக்கு விஷம் இல்லை என்று ஆனால் என்ன சொல்வது. அதைவிட, ஆமாம் என்று ஆனால். எதுவுமே நினைக்கத் தெம்பில்லை. துப்பட்டா முழுக்கப் பால் நனைந்திருந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

படகு கரை தட்டுவதற்கு முன்பே குதித்துப் படி ஏறி ஓடினாள். "வாயில வெச்சாளா?" "இல்லண்ணி." எஸ்தர் பாப்பாவின் வாயைப் பார்த்தாள். "இல்லன்னுதான் நெனைக்கிறேன். வெயில் இல்லையேன்னு இறங்கினேன் அண்ணி, நீங்க சொல்லவே இல்லையே, சொல்லியிருந்தா…" "ஆமா. நான் சொல்லல," என்றாள். ஜீப்புக்கு ஓடிப் பையிலிருந்து கேன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து, ரூத்தின் கையைப் பிடித்து ஊற்றினாள். பச்சை வழிந்து படியில் ஓடியது. விரலுக்கு இடையில், நகத்துக்கு அடியில், மணிக்கட்டின் மடிப்பில். ரூத் அழுகையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் விழுவதை வேடிக்கை பார்த்தாள். சுகிர்தா அவள் வாயின் ஓரத்தைத் துடைத்து, துடைத்த விரலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் தெரியாது. பக்கத்தில் ஒரு கை வந்து நின்றது, உள்ளங்கை மேலே பார்க்க. அறவாழி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், குழந்தைக்கு அடுத்த வரிசையில் நிற்பவரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் ஊற்றினாள். அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"எப்போலேருந்தும்மா இப்படி?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"டெலிவரிக்கு முந்தின மாசம் பாத்தேன், இல்ல. திரும்ப வந்து பாத்தேன், இருந்துச்சு. நடுவுல மூணு மாசம் யாரும் பாக்கல."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். வரைபடம் இருந்த அறிக்கை படகிலேயே கிடந்தது; திரும்பி அதைப் பார்த்தார், பிறகு ரூத்தைப் பார்த்தார். "இத நான் எழுதணும்," என்றார், அவளிடம் கேட்பதுபோலவும் இருந்தது, தனக்குச் சொல்லிக்கொள்வதுபோலவும் இருந்தது. "எழுதுங்க சார்," என்றாள். அவ்வளவுதான் வந்தது. கடைசித் தண்ணீரையும் அவர் கையில் ஊற்றிவிட்டு, ரூத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கீழே, பச்சைக்குள் முழங்கால் வரை நின்று, எல்லா மாதமும் கட்டுகிற மாதிரி படகைக் கல்லில் கட்டிக்கொண்டிருந்த துரைக்கண்ணு நிமிர்ந்தான். சிரிப்பே இல்லாத அவன் முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஈரக் கைகள் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தான்.

"அப்போ எங்களுக்கு மேடம்?" என்றான்.

அவள் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். தீர்ந்திருந்தது.